வெள்ளம் வடிந்த வீட்டில் கிருமியை எந்த வாசலில் மறிப்பது

தென்பெண்ணையும் கெடிலமும் ஊருக்குள் வந்துபோன மறுநாள் கடலூர்ப் பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரே காட்சிதான்: வீட்டைக் கழுவித் தள்ளிவிட்டு, வாசலில் வெள்ளைவெளேரென்று பிளீச்சிங் பவுடரைத் தூவி வைத்திருப்பார்கள். பார்க்கத் திருப்தியாக இருக்கும். நோயைத் தடுப்பதில் அதற்குப் பங்கு மிகக் குறைவு. வாசல் மண்ணை யாரும் குடிக்கப் போவதில்லை. குடிக்கிற தண்ணீர் சம்ப்பில் கிடக்கிறது. எலி மூத்திரம் கலந்த தண்ணீர் கொல்லையில் இன்னும் முழங்கால் அளவு நிற்கிறது. கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வாயைத் திறந்து வைத்திருக்கிறது. கிருமி வருகிற வழி இவைதான்.

ஒரு பாக்டீரியா ஒரு ஆளைப் படுக்கையில் தள்ள ஐந்து படி ஏற வேண்டும். உள்ளே நுழைய வேண்டும். எச்சிலோ மலமோ சிறுநீரோ அடித்துக்கொண்டு போகாதபடி எங்காவது ஒட்டிக்கொள்ள வேண்டும். தின்று பெருக வேண்டும். வெள்ளையணுக்களின் கண்ணில் மண்ணைத் தூவ வேண்டும். கெடுதல் கடைசிப் படியில்தான்: ஒன்று, தானே நஞ்சைக் கக்கும், இல்லையென்றால் அதை விரட்டக் கிளம்பிய நம் உடம்பே தன்னைத்தானே புண்ணாக்கிக்கொள்ளும். எல்லாக் கிருமியும் எல்லாப் படியிலும் பலசாலி இல்லை. எந்தக் கிருமி எந்தப் படியில் நோஞ்சான் என்று தெரிந்து அங்கே மறித்தால் பத்து ரூபாயில் முடிகிற வேலை, தெரியாமல் விட்டால் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை இழுத்துவிடும்.

எத்தனை உள்ளே போனால் நோய்

காலராக் கிருமிக்கு வயிற்று அமிலம் எமன். நல்ல ஆரோக்கியமான ஆளுக்கு, வெறும் தண்ணீரில் ஏறக்குறைய பத்துக் கோடி கிருமி போனால்தான் பேதி வரும். சாப்பாட்டோடு கலந்து போனாலோ, அமிலத்தைக் குறைக்கும் ‘கேஸ் மாத்திரை’ தினமும் போடுகிறவர் என்றாலோ, சில ஆயிரம் முதல் லட்சமே போதும். வெள்ளக் காலத்தில் அந்த மாத்திரை உண்மையிலேயே தேவையா என்று டாக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ரத்தபேதி தரும் ஷிகெல்லாவுக்கு இந்தக் கணக்கே கிடையாது. அமிலத்தைத் தாங்கிக்கொண்டு போகிற ஜாதி அது. பத்து முதல் நூறு கிருமி போதும். அதனால் காலராவைத் தண்ணீரில் மறித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். ஷிகெல்லாவைத் தண்ணீரில் மட்டும் மறித்தால் நிற்காது. கக்கூஸ் தாழ்ப்பாள், குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட கை, வீட்டுக்கே ஒன்றாகத் தொங்கும் துண்டு, இவற்றின் வழியாகவே அடுத்தவருக்குப் போய்விடும். சோப்புப் போட்டு இருபது வினாடி, நகக்கண் வரை தேய்த்து, ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும். நிவாரண முகாமில் ஒரு வாளித் தண்ணீரில் இருபது பேர் கை நனைப்பது கழுவுவது ஆகாது. ஒரு ஆள் சொம்பில் ஊற்ற, இன்னொருவர் கழுவட்டும்.

தண்ணீர்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

முதலில், குழாய்த் தண்ணீர் எப்படிக் கெடுகிறது என்று பார்ப்போம். மின்சாரம் போய் மோட்டார் நின்றால் குழாயில் அழுத்தம் இறங்கும். சாக்கடை ஓரம் போகிற குழாயில் ஒரு நூல் விரிசல் இருந்தாலும், வெளியே நிற்கிற அழுக்குத் தண்ணீரை அது உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். மின்சாரம் வந்ததும் முதலில் வருகிற தண்ணீரில்தான் அத்தனையும் இருக்கும். எனவே முதல் பத்து நிமிடத் தண்ணீரைப் பிடிக்காமல் விட்டுவிடுங்கள். கலங்கலாக வந்தால் தெளிகிற வரைக்கும்.

கலங்கல் தண்ணீரில் குளோரின் போட்டுப் பயனில்லை; மண்ணும் இலைச்சாறும் குளோரினைத் தின்றுவிடும். பழைய பருத்திப் புடவையை நாலு முதல் எட்டு மடிப்பாக மடித்து வடிகட்டுங்கள். புதுத் துணியைவிடப் பழையது நல்லது: பலமுறை துவைத்த நூல் உப்பிப்போய் கண்ணி நெருக்கமாகிவிடும். ஒற்றைக் கிருமியைப் புடவை பிடிக்காது. ஆனால் காலராக் கிருமி தண்ணீரில் தனியாகத் திரிவதைவிட, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மிதவைப் பூச்சிகளின் மேல் கூட்டமாக ஒட்டிக்கொண்டு வருவதே அதிகம். பூச்சி புடவையில் சிக்கினால் அதன் மேல் சவாரி செய்ததும் சிக்கும். வங்கதேசக் கிராமங்களில் செய்து பார்த்ததில் இந்த ஒரு பழக்கமே காலராவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. வடிகட்டிய பிறகு காய்ச்சினால், தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் போதும். கால் மணி நேரம் கொதிக்க வைத்து கேஸை வீணாக்க வேண்டாம். ஆறியதை அதே பாத்திரத்தில் மூடி வையுங்கள். கழுவாத குடத்தில் மாற்றி ஊற்றினால் காய்ச்சியது தண்டம்.

காய்ச்ச வசதியில்லை என்றால் சுகாதாரத் துறையினர் கொடுக்கும் குளோரின் மாத்திரை: 0.5 கிராம் மாத்திரை ஒன்றை 20 லிட்டர் குடிநீரில் போட்டு அரை மணி நேரம் விட வேண்டும்.

கிணற்றுக்கும் டேங்குக்கும் பிளீச்சிங் பவுடர் கணக்கு. புதிதாகப் பிரித்த நல்ல பவுடரில் 33 சதவீதம் குளோரின் இருக்கும். 1000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது தெளிந்த தண்ணீருக்கு உள்ள அளவு. வெள்ளம் புகுந்த தண்ணீருக்கு 4 கிராம் போடலாம். இவ்வளவு சின்ன எடையை வீட்டில் நிறுக்க முடியாது என்பவர்கள், மளிகைக் கடைத் தராசில் 40 கிராம் நிறுத்து வாங்கி, தட்டில் கொட்டிச் சமமாகப் பத்துப் பங்காகப் பிரித்து, பொட்டலம் கட்டிக்கொள்ளலாம். ஒரு பொட்டலம், ஆயிரம் லிட்டர்.

கிணற்றில் எத்தனை லிட்டர் என்று தெரிய, விட்டத்தை மீட்டரில் எடுத்து அதையே அதால் பெருக்கி, தண்ணீர் ஆழத்தால் பெருக்கி, 0.785ஆல் பெருக்குங்கள். வருவது கன மீட்டர். ஒரு கன மீட்டர் ஆயிரம் லிட்டர். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள உறைகிணற்றில் மூன்று மீட்டர் தண்ணீர் நின்றால் 5,300 லிட்டர், அதாவது 21 கிராம் பவுடர். அதை வாளியில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு முதலில் களியாகக் குழைக்க வேண்டும்; அப்புறம் முக்கால் வாளி வரை ஊற்றிக் கலக்க வேண்டும். ஐந்து பத்து நிமிடம் விட்டால் சுண்ணாம்பு அடியில் படியும். மேலே தெளிந்த நீரை வேறு வாளிக்கு இறுத்து, அந்த வாளியைக் கிணற்றுக்குள் விட்டு மேலும் கீழும் ஆட்டிக் கலக்குங்கள். அடியில் நிற்கிற சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டாதீர்கள், தண்ணீர் கடுக்கும். கலந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் இறைக்க வேண்டும். இரவில் போட்டுவிட்டுப் படுத்தால் தொந்தரவே இல்லை.

போட்டது போதுமா என்று மூக்கை நம்ப வேண்டாம். ஊராட்சி டேங்க் ஆபரேட்டரிடம் குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப் பெட்டி இருக்கும். குழாயில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் ஏறும். பெட்டியில் உள்ள நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒரு மணி நேரம் கழிந்தும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் 0.2 ஆவது இருக்க வேண்டும். அளவு சரியாகப் போட்டும் மஞ்சளே ஏறவில்லை என்றால் இரண்டில் ஒன்று: பவுடர் பழையது, அல்லது தண்ணீரில் அழுக்கு அதிகம். வாய் கட்டாத மூட்டையில் ஈரம் ஏறிக் கட்டிதட்டிய பவுடர் சுண்ணாம்புக்குச் சமம்.

வெள்ளம் புகுந்த சம்ப்பு, டேங்க் என்றால் முதலில் காலி செய்து, சுவரைப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கையில் வழவழ என்று தட்டுப்படுகிறதே, அந்தப் பாசிப் படலம் கிருமிகள் சேர்ந்து கட்டிக்கொண்ட கோட்டை. மேல் அடுக்கு குளோரினை வாங்கிக்கொள்ள, அடியில் இருப்பவை பிழைத்துவிடும். தேய்த்த பிறகு நிரப்பி, 1000 லிட்டருக்கு 150 கிராம் வீதம் கலந்து ஒரு ராத்திரி முழுக்க விட்டு, வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடியுங்கள். அந்த 150 கிராம் தண்ணீர் குடிக்க அல்ல; வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு, குழாயில் துணி கட்டி வையுங்கள்.

பேதி பிடித்துவிட்டால்: உப்பும் சர்க்கரையும் ஏன்

காலராக் கிருமி குடல் சுவரைத் துளைப்பதில்லை, ரத்தத்தில் இறங்குவதுமில்லை. மெல்லிய இழைகளால் சிறுகுடலில் ஒட்டிக்கொண்டு நஞ்சை மட்டும் கக்குகிறது. 1884இல் கல்கத்தாவில் இந்தக் கிருமியை ஆராய்ந்த ராபர்ட் கோக், நஞ்சுதான் காரணம் என்று ஊகித்தார். அதை முயல் குடலில் செய்து காட்டியவர் கல்கத்தாவின் சம்புநாத் டே, 1959இல். அந்த நஞ்சு ஆறு துண்டு. ஐந்து துண்டு கைபோலக் குடல் செல்லைப் பிடித்துக்கொள்ள, ஆறாவது உள்ளே இறங்கி ஒரு சுவிட்சை ‘ஆன்’ நிலையிலேயே பூட்டிவிடும். செல் உப்பை வெளியே கொட்டும், உப்பின் பின்னால் தண்ணீர் ஓடும். கடுமையான நோயாளிக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரிப் போகும்.

ஆனால் அதே செல்லில் இன்னொரு கதவு இருக்கிறது. நஞ்சு அதைத் தொடுவதில்லை. குளுக்கோஸும் சோடியமும் கைகோத்து வந்தால்தான் அது திறக்கும், திறந்தால் தண்ணீரும் கூடவே உள்ளே வரும். ஓஆர்எஸ் எனும் உப்புச் சர்க்கரைக் கரைசல் முழுக்க இந்த ஒரு கதவை நம்பித்தான் நிற்கிறது. சர்க்கரை மட்டும் கொடுத்தால் கதவு சரியாகத் திறக்காது. உப்பு மட்டும் கொடுத்தால் திறக்கவே திறக்காது. 1971இல் வங்கதேச அகதிகள் நிரம்பிய பன்காவ் முகாமில், சலைன் பாட்டில் தீர்ந்துபோனபோது திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலை டிரம்மில் கலக்கிக் கொடுத்தார். முப்பது சதவீதமாக இருந்த சாவு நாலு சதவீதத்துக்குள் வந்தது.

இப்போதைய உலக சுகாதார நிறுவனக் கலவை லிட்டருக்கு 20.5 கிராம்: குளுக்கோஸ் 13.5, உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. மெடிக்கலில் வாங்கும்போது பாக்கெட் ஒரு லிட்டருக்கா 200 மில்லிக்கா என்று படித்துப் பாருங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் குழந்தைக்குப் புகட்டுவது வழக்கமாக நடக்கிற தப்பு. அடர்த்தி கூடிப் போனால் குடலுக்குள் தண்ணீர் இன்னும் இழுக்கப்படும், பேதி அதிகமாகும், ரத்தத்தில் உப்பு ஏறும். அட்டை டப்பாவில் வரும் இனிப்புப் பானங்களிலும் இதே கோளாறு: சர்க்கரை எக்கச்சக்கம், உப்பு பேருக்கு. இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் போதாது. கூடவே கொடுக்கலாம், அதையே நம்பக் கூடாது. பாக்கெட் கிடைக்காத ராத்திரியில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. வாயில் வைத்துப் பாருங்கள், கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லதுதான்.

ஒவ்வொரு பேதிக்கும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி, பெரியவர்கள் வேண்டுமளவு. கண் குழிந்து, நாக்கு வறண்டு, ஏற்கெனவே நீர் குறைந்துபோயிருந்தால் நாலு மணி நேரத்தில் கிலோ எடைக்கு 75 மில்லி. 12 கிலோ குழந்தைக்கு 900 மில்லி. வாந்தி எடுத்தால் நிறுத்திவிடாதீர்கள். பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். தாய்ப்பால் தொடரட்டும். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குத் துத்தநாக மாத்திரை 20 மில்லிகிராம், 14 நாள். பேதி நின்ற பிறகும். கலக்கிய கரைசல் 24 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புகிறது, ஆள் துவண்டு குடிக்க மறுக்கிறார், ஆறு மணி நேரமாக மூத்திரம் இல்லை என்றால் வாய்வழி போதாது. 108ஐக் கூப்பிடுங்கள், வண்டியிலும் ஸ்பூனை நிறுத்தாதீர்கள்.

பேதியில் ரத்தமும் சளியும் வந்தால் கதை வேறு. ஷிகெல்லா பெருங்குடல் செல்லுக்குள்ளேயே புகுந்து, செல்லின் சொந்த நாரையே வாலாகக் கட்டிக்கொண்டு பக்கத்துச் செல்லுக்குத் துளைத்துப் போகிறது. சுவர் புண்ணாகும். இங்கே ‘பேதி நிறுத்தும் மாத்திரை’ ஆபத்து: வெளியே போக வேண்டியதைக் கதவடைத்து உள்ளே வைப்பது அது. ரத்தபேதிக்கு டாக்டர் பார்த்து ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும்.

ஒரே தெருவில் இரண்டு மூன்று வீட்டில் ஒரே நாளில் பேதி என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். மருந்து தொடங்கும் முன் மலம் மாதிரி எடுத்தால்தான் கிருமி பிடிபடும். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவிப் பொது சுகாதார அவசரநிலை அறிவிக்கும்படி ஆனது. அது பழைய காலத்து வியாதி என்று நினைப்பவர்களுக்காக இது.

பொட்டலச் சோறு

விடியற்காலை நாலு மணிக்கு அண்டாவில் சாம்பார் சாதம் கிண்டி, சூட்டோடு பொட்டலம் கட்டி, மூட்டையாக அடுக்கி, படகிலும் டிராக்டரிலும் ஏற்றி மதியம் இரண்டு மணிக்குக் கையில் கொடுப்பார்கள். நல்ல மனசுதான். ஆனால் அந்தப் பத்து மணி நேரமும் மூட்டையின் நடுவே வெதுவெதுப்பு மாறாமல் இருக்கும். கிருமிக்கு அதைவிடச் சொகுசு கிடையாது. சோற்றில் இருக்கும் பேசிலஸ் சீரியஸ் வேகவைத்தாலும் சாகாத விதைபோல உறங்கிக் கிடந்து, வெதுவெதுப்பில் முளைக்கும். பரிமாறுகிறவர் கைப்புண்ணிலிருந்து இறங்கும் ஸ்டெஃபைலோகாக்கஸும் அப்படியே பெருகும். இரண்டும் சோற்றிலேயே நஞ்சைத் தயார் செய்து வைத்துவிடும். வாடை வராது, நூல் விடாது. திரும்பக் கொதிக்க வைத்தாலும் கிருமி சாகுமே தவிர நஞ்சு சாகாது.

சாப்பிட்டு ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் ஒரு பந்தியே வாந்தி எடுத்தால் இதுதான். ஆன்டிபயாடிக்கால் பயனில்லை, ஓஆர்எஸ் போதும், பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கும். கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது: சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் கைக்குப் போய்ச் சேராது என்றால் சாதம் வேண்டாம், ரொட்டி, பிஸ்கட், வாழைப்பழம், பொரி. கையில் கட்டிப்புண் இருப்பவர் பொட்டலம் கட்ட வேண்டாம். எலுமிச்சை, புளி சேர்த்த சாதம் கொஞ்சம் தாங்கும், அமிலம் கிருமியை அடக்கும் என்பதால். கொஞ்சம்தான்.

கால் வழி வருவது

எலிக்காய்ச்சல் கிருமி லெப்டோஸ்பைரா திருகாணிபோல் முறுக்கிய உடம்புக்காரன். எலி, மாடு, பன்றி, நாய் இவற்றின் சிறுநீரில் வெளியேறி, ஈரத்தில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். முழுத்தோலில் நுழைய வழியில்லை. சிராய்ப்பு, சேற்றுப்புண், ரொம்ப நேரம் ஊறி வெளுத்துச் சுருங்கிய பாதம், கண், வாய் இவைதான் அதற்குக் கதவு. உள்ளே போனதும் ரத்தத்தில் நீந்தி எல்லா உறுப்புக்கும் போய்விடும். அதன் மேல்தோல் வேதியியல் மனித உடம்பின் எச்சரிக்கை மணிக்குச் சரியாக எட்டுவதில்லை. ரத்தக் குழாயின் உள்சுவரைக் கெடுத்துக் கசிய விடும். சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் என்று வரிசையாக.

குண்டு உப்பலவாடியிலோ புதுச்சேரி ரெயின்போ நகரிலோ, தண்ணீர் நிற்கும் தெருவில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்பவர்கள் முழங்கால் வரையிலான கம்பூட் போடுங்கள். உள்ளே தண்ணீர் புகுந்தால் உடனே கொட்டிக் காயவைக்க வேண்டும். தண்ணீர் நிற்கும் பூட், வெறுங்காலைவிட மோசமாக ஊறவைக்கும். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கு ஒவ்வொன்றையும் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். இந்தக் கிருமிக்குக் காய்ச்சல் வரவழைக்கிற வீரம் உண்டு, வெயிலில் காய்கிற தெம்பு இல்லை. சேற்றுப்புண் இருந்தால் பூஞ்சையைக் கொல்லும் களிம்பு தடவி, ஆறும் வரை தண்ணீரில் இறங்காமல் இருப்பது உத்தமம். சாக்கடை அள்ளும் தொழிலாளர்கள், மீட்புப் பணியில் நாள்கணக்கில் நிற்பவர்கள் வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் 200 மில்லிகிராம் முன்னெச்சரிக்கையாக எடுப்பதுண்டு. சுகாதாரத் துறையினர் ஆளைப் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது. கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கும் அது கிடையாது, மெடிக்கலில் வாங்கிப் பங்கு போடவும் கூடாது.

நோய் வந்தால் அடையாளம்: திடீர்க் காய்ச்சல், பீளை தள்ளாமல் சிவந்த கண், கெண்டைக்காலை அமுக்கினால் அலறுகிற வலி. இந்தக் கட்டத்தில் மருந்து நன்றாக வேலை செய்யும். மஞ்சள் காமாலையும் சிறுநீர்க் குறைவும் வந்த பிறகு கிருமியைக் கொல்வது சுலபம், கெட்ட சிறுநீரகத்தைத் தேற்றுவது கஷ்டம். ‘ஒரு ஊசி போட்டால் காய்ச்சல் நிற்கும்’ என்று போடும் வலி ஊசிகள் பலவற்றில் டைக்ளோஃபெனாக் இருக்கும். ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்தை அது இன்னும் அமுக்கும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும்.

காயம்: தகரமும் மீன் முள்ளும்

வெள்ளத்தில் புதைந்த தகரம் கிழித்தால் எல்லோரும் துருவைப் பழிப்பார்கள். துரு குற்றமற்றது. ரணஜன்னி (டெட்டனஸ்) கிருமியின் விதை மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. காற்று புகாத ஆழக் காயத்தில்தான் அது முளைக்கும். காபித்தூள், மஞ்சள், சாணம் வைத்து இறுக்கிக் கட்டுவது அதற்குக் குடிசை போட்டுக் கொடுப்பதுதான். முளைத்தபின் கக்கும் நஞ்சு நரம்பு வழியே முதுகுத்தண்டுக்கு ஏறி, தசையை ‘போதும், தளர்ந்துவிடு’ என்று அடக்கும் சமிக்ஞையை வெட்டிவிடும். தாடை பூட்டிக்கொள்ளும், முதுகு வில்லாக வளையும். நரம்பில் ஏறிவிட்ட நஞ்சை எடுக்க மருந்தே இல்லை. எதிர் நஞ்சு ஊசி இன்னும் ஏறாததை மட்டும் பிடிக்கும். ஐந்து படியில் கடைசிப் படியில் மறிக்க வழியே இல்லாத கிருமி இது, அதனால் முதல் படியில் கஞ்சத்தனம் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு ஐந்து பத்து நிமிடம் கழுவுங்கள், மண்ணையும் சிம்புகளையும் எடுங்கள், லேசாக மூடுங்கள். கடைசித் தடுப்பூசி போட்டு ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் அழுக்குக் காயத்துக்கு டிடி ஊசி. எப்போது போட்டது என்றே நினைவில்லை என்றால் போடாத கணக்கு.

துறைமுகத்திலும் முகத்துவாரத்திலும் நண்டுக் கொடுக்கு, கெளுத்தி முள் குத்தியவர்களுக்கு வேறொரு ஆபத்து. வெதுவெதுப்பான உவர்நீரில் வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி இரும்புச்சத்துக்கு அலைவது. ஆரோக்கியமானவர் ரத்தத்தில் இரும்பு பூட்டி வைக்கப்பட்டிருக்கும். குடியால் கல்லீரல் கெட்டவருக்குப் பூட்டு தளர்ந்திருக்கும். அவர் காலில் சின்ன முள் குத்து ஒரே நாளில் வீங்கி, பார்வைக்குத் தெரிவதைவிடப் பல மடங்கு வலித்து, ஊதாக் கொப்புளம் கட்டும். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டிய காயமில்லை அது. சதையை வெட்டி எடுக்க வேண்டி வரலாம். ஜிப்மர் போல அறுவை வசதியுள்ள இடத்துக்கு நேராகப் போக வேண்டும். கல்லீரல் நோயாளிகள் புண்ணோடு கடல் தண்ணீரில் இறங்கவும் கூடாது, அரைவேக்காட்டு நண்டு, சிப்பி தின்னவும் கூடாது.

புதரிலிருந்து

மழை விட்டுப் பனி தொடங்கும் மாதங்களில் ஸ்க்ரப் டைபஸ். உண்ணிக்காய்ச்சல் என்கிறார்கள், ஆனால் மாட்டு உண்ணிக்கு இதில் பங்கில்லை. புல்லிலும் புதரிலும் இருக்கும் ஒரு நுண்சிலந்தியின் குஞ்சுதான் கடிக்கிறது. கடி வலிக்காது. பத்து நாள் கழித்துக் காய்ச்சல். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு. அக்குள், தொடை இடுக்கு, மார்பின் கீழ், இடுப்புப் பாவாடை நாடா அழுத்தும் இடம். ஈரமான மடிப்பில் கறுப்பாக இராமல் வெளிறிய புண்ணாகவும் இருக்கும். டாக்டர் சட்டையைக் கழற்றிப் பார்க்கவில்லை என்றால் நீங்களே சொல்லிக் காட்டுங்கள்.

இந்தக் கிருமி ரத்தக் குழாய்ச் சுவரின் செல்லுக்குள் ஒளிந்து வாழ்வது. பென்சிலின் வகை ஊசி எத்தனை நாள் போட்டாலும் காய்ச்சல் இறங்காது. டாக்சிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் இறங்கிவிடும். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் புதர் வெட்டப் போனவர்கள் வந்ததும் துணியை மாற்றி, நன்றாகத் தேய்த்துக் குளித்தால் குஞ்சு கடித்து ஊன்றும் முன் உதிர்ந்துவிடும்.

டைபாய்டு அவசரப்படாது

டைபாய்டுக் கிருமி நம்மைக் காக்க வேண்டிய வெள்ளையணுவுக்குள்ளேயே குடியேறி, அதையே வண்டியாக்கிக் கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை என்று சுற்றும். நுழைந்து ஒன்று இரண்டு வாரம் கழித்துத்தான் காய்ச்சல், அதுவும் நாளுக்கு நாள் படியேறும். முதல் வாரத்தில், ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை எடுப்பதுதான் சரி, ஆன்டிபயாடிக் தொடங்கும் முன். டைபாய்டுக்கு வழக்கமாக எடுக்கும் விடால் ரத்தப் பரிசோதனை முதல் வாரத்தில் பொய் சொல்லும், முன்பு வந்தவருக்கும் பொய் சொல்லும். சரியான மருந்து போட்டாலும் காய்ச்சல் இறங்க நாலு முதல் ஆறு நாள் பிடிக்கும். மூன்றாம் நாளே டாக்டரை மாற்றி மருந்தை மாற்றுவதால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாமல் போகும். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தினால் திரும்ப வரும். மூன்றாம் வாரத்தில் குடல் ஓட்டை விழுவதுண்டு: காய்ச்சல் நோயாளிக்குத் திடீர் வயிற்றுவலி, வயிறு பலகைபோல் இறுகினால் ஓடுங்கள். குணமானவர்களிலும் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பேர் பித்தப்பையில் கிருமியைச் சுமந்துகொண்டு ஆரோக்கியமாக நடமாடுவார்கள். முகாமில் சமைக்கிறவரைத் தேர்ந்தெடுக்கும்போது இதை யோசிக்க வேண்டும்.

நாளைக் குறித்து வையுங்கள்

எந்தக் காய்ச்சலிலும் மூச்சு நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல், பேச்சில் குழப்பம், மேல் ரத்த அழுத்தம் 100 அல்லது அதற்குக் கீழ்: மூன்றில் இரண்டு இருந்தாலே கிருமியின் தோல் துணுக்குகளுக்கு உடம்பு மிரண்டுபோய்த் தன் ரத்தக் குழாய்களைத் தானே தளர்த்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி.

மற்றபடி டாக்டருக்கு மிகவும் உதவுவது தேதி. உணவு நஞ்சு சில மணி நேரம். காலரா சில மணி முதல் ஐந்து நாள். ரத்தபேதி ஒன்று முதல் மூன்று நாள். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் ஐந்து முதல் பதினாலு நாள். ஸ்க்ரப் டைபஸ் பத்து நாள் வாக்கில். டைபாய்டு ஒன்று இரண்டு வாரம். ரணஜன்னி மூன்று முதல் இருபத்தொரு நாள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த நாள் தண்ணீரில் நடந்தவருக்கு டிசம்பர் 10ஆம் தேதி காய்ச்சல் வந்தால் டாக்டர் மனதில் எலிக்காய்ச்சல் முதலில் வர வேண்டும். ஆனால் டாக்டரிடம் போகிற அன்று வெள்ளத்தை யாரும் பேசமாட்டார்கள், ‘மூணு நாளா ஜுரம் டாக்டர்’ என்று மட்டும் சொல்வார்கள்.

தண்ணீரில் இறங்கிய நாளும், காயம் பட்ட நாளும், முகாமில் சாப்பிட்ட நாளும் தினசரி காலண்டர் தாளில் எழுதுங்கள். அந்தத் தாளைக் கிழித்தாலும் குப்பையில் போடாமல், மாத்திரைச் சீட்டு வைக்கிற பையிலேயே வையுங்கள்.